நல்லவராக இருப்பதும் நன்றாக இருப்பதும்

"நேர்மையாக இருப்பவர்கள் கஷ்டப்படுகிறார்கள், ஏமாற்றிப் பிழைப்பவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். பிறகு எப்படி அறத்தான் வருவதே இன்பம் என்று சொல்ல முடியும்?" என்பது கேள்வி. கேள்வியில் வரும் குறளிலிருந்தே தொடங்குகிறேன். சிக்கல், விடை இரண்டுமே அதன் முதல் சொல்லின் கடைசி அசையில் இருக்கின்றன.

அறத்தான் வருவதே இன்பம்மற் றெல்லாம்
புறத்த புகழும் இல

அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில் வரும் 39ஆம் குறள் இது. "அறத்தால் கிடைப்பதே இன்பம்" என்று படித்துவிட்டுப் போய்விடுகிறோம். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அப்படிப் போகவில்லை. 'ஆன்' என்பது மூன்றாம் வேற்றுமை உருபு. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா (செய்பவர்), உடனிகழ்ச்சி (சேர்ந்து நடப்பது) என்று மூன்று பொருள் உண்டு. 'கத்தியால் வெட்டினான்' என்றால் கருவி. 'தாயோடு வந்தான்' என்றால் உடனிகழ்ச்சி. ஆல், ஆன் வந்தால் கருவி அல்லது கருத்தா என்று கொள்வதுதான் வழக்கம். ஆனால் இந்த இடத்தில் 'ஆன்' உடனிகழ்ச்சியில் வந்தது என்று பரிமேலழகர் குறிப்பு எழுதுகிறார். அதற்குச் சான்றாகப் புறநானூற்று 22ஆம் பாட்டின் "தூங்கு கையான் ஓங்கு நடைய" என்ற அடியைக் காட்டுகிறார். யானை துதிக்கையை அசைத்தபடி நடக்கிறது. துதிக்கை அசைவதால் நடை உண்டாகவில்லை, அசைவோடு சேர்ந்தே நடை போகிறது.

பரிமேலழகர் இங்கே இன்பத்தைக் காம நுகர்ச்சி என்றும் அறத்தை இல்லறம் என்றும் குறுக்கிக்கொள்கிறார். அந்தக் குறுக்கலை நாம் ஏற்க வேண்டியதில்லை. இலக்கணக் குறிப்பு மட்டும் பொன்னானது. நம் குழப்பத்தில் பெரும்பகுதி அறத்தைக் கருவியாக எண்ணுவதால் வருகிறது: இந்தப் பக்கம் நல்லது செய்தால் அந்தப் பக்கம் சந்தோஷம் வரவேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயமானதே. நேர்மையானவர் பதவி உயர்வு கிடைக்காமல் நிற்பதும், லஞ்சம் வாங்கியவர் மூன்றாவது மாடி கட்டுவதும் கண்ணெதிரே நடக்கின்றன. ஆனால் அறமும் இன்பமும் சேர்ந்து நடப்பவை என்றால், கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த வகை இன்பம் அறத்தோடு சேர்ந்து நடக்கக் கூடியது?

ஏனென்றால் 'மகிழ்ச்சி' என்ற ஒரே சொல்லில் குறைந்தது மூன்று பொருள்களை ஏற்றி வைத்திருக்கிறோம். ஒன்று, இந்த நேரத்தில் மனம் எப்படி இருக்கிறது என்பது. இரண்டாவது, மொத்த வாழ்க்கையையும் எடைபோட்டால் வரும் திருப்தி. இந்த இரண்டையும் ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். உளவியலாளர் எட் டீனரும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோலில் 5 வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும், கூட்டினால் 5க்கும் 35க்கும் இடையில் ஓர் எண் வரும். 20 நடுநிலை. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்த இன்னும் எளிய வழியைக் கையாள்கிறது: 0 முதல் 10 வரை படிகள் கொண்ட ஏணியைக் கற்பனை செய்து, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். கவனியுங்கள், இந்த இரண்டிலும் "நீங்கள் நல்லவரா?" என்ற கேள்வியே இல்லை. ஊரை ஏமாற்றியவரும் 9ஆம் படியில் நிற்கிறேன் என்று சொல்லலாம், பொய் சொல்கிறார் என்று நாம் மறுக்க முடியாது.

மூன்றாவது பொருள்தான் பழைய சிந்தனையாளர்கள் பேசியது: நன்றாக வாழ்தல். பழைய கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் இதற்கு வைத்த சொல் யூடைமோனியா. கிரேக்கத்தில் நன்றாகச் செய்வதற்கும் நன்றாக இருப்பதற்கும் ஒரே சொற்றொடர் உண்டு. தமிழிலும் அந்த வேர் அப்படியே கிடக்கிறது. "நல்லா இருக்கீங்களா?" என்று நலம் கேட்கிறோம், "நல்ல மனுஷன்" என்று குணத்தைச் சொல்கிறோம். காலில் விழுந்து எழும் பேத்தியிடம் பாட்டி "நல்லா இரு" என்கிறாள். அதில் உடம்பு சுகம், பிழைப்பு, பேர் கெடாமல் இருப்பது எல்லாம் சேர்ந்திருக்கின்றன. பேத்தி நாலு பேரை மோசம் செய்து வசதியாகவும் உற்சாகமாகவும் இருந்தால், தன் வாழ்த்து பலித்தது என்று அந்தப் பாட்டி நினைக்கமாட்டாள்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல. ஜோனதன் பிலிப்ஸ், ஜோஷுவா நோப் முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரி நல்ல மனநிலையில் இருப்பதாக விவரிக்கப்பட்ட இருவரில், ஒழுக்கக்கேடான வாழ்க்கை வாழ்பவரை "மகிழ்ச்சியாக இருக்கிறார்" என்று சொல்ல மக்கள் அதிகம் தயங்கினார்கள். மகிழ்ச்சி என்ற சொல்லுக்குள் நன்மை பற்றிய மதிப்பீடும் கொஞ்சம் கலந்தே இருக்கிறது. அதனால்தான் "அவன் சந்தோஷமாத்தான் இருக்கான்" என்று சொல்லும்போதே, உள்ளுக்குள் ஏதோ ஒன்று "அது சந்தோஷமா?" என்று மறுக்கிறது.

இப்போது ஒரு மளிகைக் கடைக்குப் போவோம். 340 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறீர்கள், 500 ரூபாய் நோட்டு கொடுக்கிறீர்கள். கூட்டம். கடைக்காரர் அவசரத்தில் 160க்குப் பதில் 260 ரூபாய் கொடுத்துவிடுகிறார். வாசல்படி இறங்கும்போது எண்ணிப் பார்த்தால் 100 ரூபாய் கூடுதல். அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கிய அறநூலில், குறிப்பாக 7ஆம் புத்தகத்தில், மனிதர்களைப் பிரித்துப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அதன்படி இந்த வாசல்படியில் நான்கு பேரை நிறுத்தலாம்.

முதலாமவர் திரும்பிப் போய் "அண்ணே, நூறு ரூபா கூடக் குடுத்துட்டீங்க" என்று நீட்டிவிட்டுப் போகிறார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை, மனம் லேசாக இருக்கிறது. இரண்டாமவரும் திருப்பிக் கொடுக்கிறார், ஆனால் வீடு வரும்வரை அந்த நூறு ரூபாய் மனத்தில் உறுத்துகிறது. மூன்றாமவருக்குக் கொடுக்க வேண்டும் என்று தெரிகிறது, கால் திரும்பவில்லை. பையில் போட்டுக்கொண்டு போகிறார், இரவு அது அரிக்கிறது. நான்காமவர் "அவன் எத்தனை பேரை எடையில் ஏமாத்தியிருப்பான்" என்று சொல்லிக்கொண்டு சிரித்தபடி போகிறார்.

மாலையில் நால்வரிடமும் ஏணியைக் காட்டினால் முதலாமவரும் நான்காமவரும் உயரமான படியைச் சொல்வார்கள். நடுவில் இருக்கும் இருவரும்தான் கீழே நிற்பார்கள். நம்மில் பெரும்பாலோர் வாழ்வது அந்த நடு இரண்டு இடங்களில். நாம் இரண்டாம் இடத்தில் நின்றுகொண்டு நான்காமவரைப் பார்க்கிறோம், "நல்லவனா இருந்து என்ன சுகம் கண்டேன்" என்கிறோம். முதலாமவரைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அவர் சத்தமில்லாமல் போய்விட்டார். நேர்மையாக இருந்தும் மகிழ்ச்சி இல்லையே என்ற ஆதங்கத்தில் பெரும்பகுதி அந்த இரண்டாம் இடத்தின் வலி என்றே எனக்குப் படுகிறது. அது பொய்யான வலி அல்ல. ஆனால் அறமும் மகிழ்ச்சியும் பகை என்பதற்கு அது சான்றும் அல்ல. நீந்தக் கற்பவன் மூச்சுத் திணறுவது நீச்சல் சுகமில்லை என்பதற்குச் சான்றாகுமா?

அரிஸ்டாட்டில் இதில் கறாரானவர். நீதியான செயலில் மகிழ்ச்சி அடையாதவரை நீதிமான் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று 1ஆம் புத்தகத்திலேயே சொல்கிறார். நன்மை செய்வதில் வரும் இன்பம் தனியாகக் கட்டிவிட்ட நகை மாதிரி வெளியிலிருந்து வருவதல்ல, செயலுக்குள்ளேயே இருப்பது என்பது அவர் நிலை. அப்படியானால் இரண்டாம் இடத்திலிருந்து முதல் இடத்துக்குப் போவது எப்படி? அவர் சொல்லும் வழி பழக்கம். வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார், யாழ் வாசித்து வாசித்துத்தான் யாழ் கலைஞர். அதுபோல நீதியானவற்றைச் செய்து செய்துதான் நீதிமான்.

அந்தப் பழக்கத்திலும் ஒரு நுட்பம் வைத்திருக்கிறார். வளைந்த குச்சியை நிமிர்த்த, எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் அதிகமாகவே வளைக்க வேண்டும். ஆகவே முதலில் உங்கள் வளைவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். எதைச் செய்யும்போது உங்களுக்கு இயல்பாகச் சுகம் வருகிறது, எதைச் செய்யும்போது வலிக்கிறது என்பதுதான் அடையாளம். கொடுக்க மனம் வராதவர் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்துப் பழக வேண்டும். யார் கேட்டாலும் மறுக்க முடியாதவர் மறுத்துப் பழக வேண்டும். எல்லாருக்கும் ஒரே அறிவுரை சொன்னால் ஒரு பாதிப் பேர் இன்னும் வளைந்துபோவார்கள். பழகுவதற்கு எடுத்துக்கொள்வதும் சிறிதாக, திரும்பத் திரும்ப வருவதாக இருக்கட்டும்: சில்லறை, வாக்குக் கொடுத்த நேரம், ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசுவது. பெரிய தியாகங்கள் வாழ்வில் இரண்டொரு முறைதான் வரும், அவற்றை வைத்துப் பழக முடியாது.

ஜெர்மன் தத்துவஞானி இமானுவேல் காண்ட் இந்த இடத்தில் குறுக்கே வந்து நிற்கிறார். 1785இல் வெளியான அவருடைய அறநூலிலும் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாதவரிடம் விலை ஏற்றாமல், ஒரு குழந்தை வந்து வாங்கினாலும் அதே விலைக்குக் கொடுக்கும் கடைக்காரர். காண்ட் கேட்கிறார்: அவர் நேர்மைக்காக அப்படிச் செய்கிறாரா, வியாபாரம் நிலைக்க வேண்டும் என்றா? பிறருக்கு உதவுவதில் இயல்பாகவே சுகம் காண்பவரை விட, தன் துயரத்தில் மனம் இருண்டு, யாருக்கும் எதுவும் செய்யத் தோன்றாத நிலையிலும் கடமை என்பதற்காக எழுந்து உதவுபவரின் செயலில்தான் அறத்தின் மதிப்பு தெளிவாகத் தெரிகிறது என்கிறார். நம் மளிகைக் கடை வாசலில் அரிஸ்டாட்டில் முதலாமவரைக் காட்டினால், காண்ட் விரல் இரண்டாமவரிடம் போகிறது.

இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் வாழ்க்கை முழுவதற்கும் அரிஸ்டாட்டில், மோசமான நாளுக்குக் காண்ட் என்பேன். மனம் ஒத்துழைக்காத நாளில் "எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, அப்படியானால் நான் நல்லவன் இல்லையோ" என்று தன்னையே அரித்துக்கொள்பவருக்குக் காண்ட் சொல்வது பெரிய ஆறுதல். மகிழ்ச்சிக்குக் காண்ட் எதிரியும் அல்ல. தன் மகிழ்ச்சியைப் பேணுவது மறைமுகமான கடமை என்று அதே நூலில் எழுதுகிறார். காரணம் நடைமுறை சார்ந்தது: கவலையும் இல்லாமையும் சூழ்ந்தவனுக்குக் கடமை மீறும் ஆசை எளிதில் வந்துவிடும். அறம் நம்மை மகிழ்ச்சிக்குத் தகுதியானவர்களாக்கும், மகிழ்ச்சியைத் தருமா என்பது வேறு கேள்வி என்பதே அவர் பிரிப்பு. தகுதியும் மகிழ்ச்சியும் ஒத்த அளவில் சேர்வதையே 1788இல் வெளியான இன்னொரு நூலில் முழுமையான நன்மை என்றார். இவ்வுலகில் அப்படிச் சேர்வதற்கு உறுதி இல்லை என்பதால்தான் இறைவனையும் ஆன்மாவின் அழியாமையையும் நம்பிக்கையாக வைக்க வேண்டியதாயிற்று.

நம் மரபிலும் அந்த ஓட்டை தெரிந்தே இருந்தது.

அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான்
கேடும் நினைக்கப் படும்

169ஆம் குறள். பொறாமைக்காரன் செழிப்பதும் நேர்மையானவன் கெடுவதும் நடக்காது என்று வள்ளுவர் சாதிக்கவில்லை. "நினைக்கப்படும்" என்று நிறுத்துகிறார். பரிமேலழகர் அதைப் பழவினை நோக்கிக் கொண்டுபோகிறார், சிலப்பதிகாரத்திலிருந்து மேற்கோளும் எடுக்கிறார். மதுரைக்கு வெளியே கோவலனைக் கண்ட அந்தணன் மாடலன், "இம்மைச் செய்தன யானறி நல்வினை, உம்மைப் பயன்கொல்" என்கிறான். இந்தப் பிறவியில் நீ செய்ததெல்லாம் எனக்குத் தெரிந்து நல்லவைதான், முற்பிறவியின் பயனோ இது என்று கலங்குகிறான். வினைக் கொள்கையை ஏற்பவருக்கு அங்கே விடை உண்டு. ஏற்காதவருக்கும் மாடலனின் அந்தக் கலக்கம் உண்மையானது. உங்கள் கேள்வியில் இருப்பதும் அதே கலக்கம்தான்.

அறத்தோடு மனத்தின் சுகமும் கூட வருகிறதா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். எலிசபெத் டன், லாரா ஆக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 46 பேரிடம் காலையில் 5 டாலர் அல்லது 20 டாலர் கொடுத்தார்கள். மாலை 5 மணிக்குள் செலவழிக்க வேண்டும். பாதிப் பேர் தமக்காக, பாதிப் பேர் பிறருக்காக. மாலையில் பிறருக்குச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியில் இருந்தார்கள், 5 டாலரா 20 டாலரா என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. "ஈத்துவக்கும் இன்பம்" என்று 228ஆம் குறள் சொன்னது இதைத்தான். ஆனால் 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பின்னர் பல ஆயிரம் பேரை வைத்துச் செய்த சோதனைகளில் திசை அதேதான், அளவு சிறியது. கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருக்கும்போதும், கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரியும்போதும் சுகம் கூடுகிறது. வற்புறுத்தி வாங்கும் நன்கொடையில் அது வராததற்குக் காரணம் இதுவே.

இந்த ஆய்வுகளை வைத்து "நல்லது செய், சந்தோஷம் வரும்" என்று சொல்லிவிடக் கூடாது. ஈகை அறத்தின் இனிமையான ஓரம். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு மூன்று வருடமாக மலம் அள்ளுபவர், தெரிந்தவருக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறவர், தான் செய்த தவறை அலுவலகத்தில் ஒப்புக்கொள்பவர் ஆகியோரின் மாலை நேர மனநிலையை அளந்தால் எண் குறைவாகவே வரும். அவர்கள் வாழ்க்கை நன்றாக வாழப்படும் வாழ்க்கை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏணியில் தெரியாத மகிழ்ச்சி அது.

இனி, நல்லவராக இருந்தும் வாழ்க்கை கசந்துபோனதாகச் சொல்பவர்களிடம் எங்கே தவறு நேர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். உங்கள் கேள்விக்குப் பயன்படக் கூடியது இந்தப் பகுதிதான்.

பெரும்பாலும் நடப்பது, அறம் அல்லாத ஒன்றுக்கு அறம் என்று பேர் வைத்துவிடுவது. எதிர்த்துப் பேசாத மருமகள், மேலதிகாரி என்ன சொன்னாலும் தலையாட்டும் ஊழியர், எத்தனை முறை ஏமாற்றினாலும் தம்பிக்குக் கடன் கொடுக்கும் அண்ணன். ஊர் இவர்களை "ரொம்ப நல்லவங்க" என்கிறது. பல நேரம் அந்த நல்லதனத்துக்கு அடியில் இருப்பது பயம். கோபப்பட வேண்டிய இடத்தில், வேண்டிய ஆளிடம், வேண்டிய அளவு கோபப்படாததும் குறையே என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். தனக்கும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் நேரும் அவமானத்தை வாய்மூடிப் பொறுப்பதை அடிமைத்தனம் என்கிறார். அப்படி இருப்பவருக்கு மகிழ்ச்சி இல்லாமல் போனால், அது அறம் தோற்றதாகாது. பயம் வலிக்கிறது, அவ்வளவே. ஒரு சோதனை உண்டு: மறுத்திருந்தால் எந்தத் தண்டனையும் இல்லை என்றாலும் இதைச் செய்திருப்பேனா? இல்லை என்று பதில் வந்தால், அந்தச் செயலை நல்லதனத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்தது அளவு. "உளவரை தூக்காத ஒப்புர வாண்மை வளவரை வல்லைக் கெடும்" என்பது 480ஆம் குறள். தன்னிடம் என்ன இருக்கிறது என்று எடைபோடாமல் செய்யும் உதவி, இருக்கும் வளத்தையே சீக்கிரம் அழித்துவிடும். பொருளுக்குச் சொன்னது உழைப்புக்கும் தூக்கத்துக்கும் பொருந்தும். இரவு நான்கு மணிநேரம் தூங்கி, ஊருக்கெல்லாம் ஓடி, வீட்டில் பிள்ளைகளிடம் எரிந்து விழுபவர் ஓர் இடத்தின் நன்மையை எடுத்து இன்னோர் இடத்தில் கடன் வைக்கிறார்.

நன்றியை எதிர்பார்த்துக் கணக்கு வைப்பது பற்றிப் பலரும் நிறையச் சொல்லிவிட்டார்கள். அது மறுபடி அறத்தைக் கருவியாக்குவதுதான்.

இன்னொன்றை அழுத்தியே சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, நான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் விடாமல் துரத்தினால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அது குணக்குறை அல்ல. இன்னும் நல்லவராக இருந்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள்.

நான்காமவரிடம் திரும்பி வருவோம், கேள்வி அவரைப் பற்றியது அல்லவா. கெட்டவர்கள் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்று சொல்லிச் சமாதானம் தேடுவது வழக்கம். தீயவர்கள் தனிமையில் தம்மோடு இருக்க முடியாமல் கூட்டம் தேடி ஓடுகிறார்கள் என்று அரிஸ்டாட்டிலும் எழுதினார். சிலருக்கு அது உண்மை, எல்லாருக்கும் அல்ல. உறுத்தலே இல்லாமல் நிம்மதியாகத் தூங்குபவர்களும் உண்டு. அதை மறுத்தால் நம் வாதம்தான் பலவீனமாகும். அவர்களிடம் உணர்வு இருக்கிறது, திருப்தியும் இருக்கலாம். அமெரிக்கத் தத்துவஞானி ராபர்ட் நோசிக் 1974இல் ஒரு கற்பனை இயந்திரத்தை முன்வைத்தார்: அதில் இணைத்துக்கொண்டால் எந்த இன்பம் வேண்டுமோ அதை உண்மை போலவே வாழ்நாள் முழுதும் அனுபவிக்கலாம், உண்மையில் ஒரு தொட்டியில் மிதந்துகொண்டிருப்பீர்கள். இணைப்பீர்களா? தயங்குகிறீர்கள் என்றால், நல்ல உணர்வைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் உங்களுக்கு வேண்டியிருக்கிறது. நான்காமவரிடம் இல்லாதது அந்த வேறு ஏதோ ஒன்றுதான். அடுத்த முறை போகும்போது கடைக்காரர் நம்பிக்கையோடு அழைக்கும் "வாப்பா" என்ற குரலை அவர் கேட்கிறார், ஆனால் அந்தக் குரலுக்கு உரியவராக இல்லை.

அறம் உள்ளவருக்கு எல்லாம் கிடைத்துவிடும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். சித்திரவதைச் சக்கரத்தில் கட்டப்பட்டவனும் நல்லவனாக இருந்தால் மகிழ்ச்சியாளனே என்று சொல்வது வெறும் பேச்சு என்று அரிஸ்டாட்டில் தள்ளிவிட்டார். பின்னால் வந்த ஸ்டோயிக்குகள் என்ற கிரேக்கத் தத்துவப் பிரிவினர் அதையே பிடித்துக்கொண்டார்கள், அறம் ஒன்றே போதும் என்றார்கள். இதில் அரிஸ்டாட்டில் பக்கமே நியாயம் இருக்கிறது. உடல்நலம், நண்பர்கள், பிள்ளைகள், கையில் கொஞ்சம் பணம் இவையும் வேண்டும், இவற்றைப் பறிக்கும் துரதிர்ஷ்டமும் உண்டு. அவர் எடுக்கும் உதாரணம் டிராய் நகரத்து அரசன் பிரையம். முதுமையில் பிள்ளைகளையும் நகரத்தையும் இழந்தவன். அவனை மகிழ்ச்சியானவன் என்று சொல்ல முடியாது. ஆனால் அறம் உள்ளவன் இழிந்தவனாகவும் ஆகமாட்டான், வெறுக்கத்தக்கதை அவன் ஒருபோதும் செய்யமாட்டான் என்பதால். கையில் வந்த தோல் எதுவோ அதை வைத்து முடிந்த அளவு நல்ல செருப்பைத் தைக்கும் தொழிலாளியைப் போன்றவன் அவன் என்கிறார் அரிஸ்டாட்டில். எந்தத் தோல் வரும் என்பது அந்தத் தொழிலாளியின் கையில் இல்லை.